ஸ்பிட்ஃபயர் மாடலை அழுக்காக்குவது எப்படி, எங்கே நிறுத்துவது

கேள்வியின் சுருக்கம் இது: 1/48 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் எம்கே 9, அதாவது இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், கட்டி முடித்தாயிற்று. பச்சையும் சாம்பலுமாக உருமறைப்பு வண்ணமும் அடித்தாயிற்று. ஆனால் பார்த்தால் கடையில் வாங்கிய பொம்மை மாதிரி பளிச்சென்று இருக்கிறது. இதற்கு முன் கட்டிய மாடலில் கறுப்பு வாஷ் (மிக நீர்க்கக் கரைத்த வண்ணம்) பூசியதில் விமானம் முழுக்க கோடு கோடாகி, அழுக்குப் பிடித்த கட்டம்போட்ட சட்டையாகிவிட்டது. வெதரிங்கை, அதாவது அழுக்கும் தேய்மானமும் காட்டும் வேலையை, எந்த வரிசையில், எதைக் கொண்டு, எவ்வளவு செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்?

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்ணம், அதன் மேல் கிளாஸ் கோட் (பளபளப்பான காப்புப் பூச்சு), டீகேல் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படலம்), மறுபடி ஒரு மெல்லிய கிளாஸ் கோட், பேனல் லைன் (தகடுகளின் இணைப்புக் கோடு) வாஷ், மேட் கோட் (பளபளப்பில்லாத பூச்சு). புகை, எண்ணெய்க் கறை, தூசி எல்லாம் மேட் கோட்டுக்குப் பிறகு. விமானியின் கண்ணாடிக் கூண்டில் வண்ணம் படாமல் ஒட்டிய மாஸ்க்கை எடுப்பது, பிட்டோ குழாய் (காற்று வேகம் அளக்கும் குழாய்), புரொப்பெல்லர் போன்றவற்றை ஒட்டுவது கடைசி. வெயிலில் வெளுத்த தோற்றத்தை மட்டும் டீகேலுக்கு முன்பே, வண்ணம் அடிக்கும் கையோடு பாதி செய்து வைத்துவிடலாம்.

இனி அந்தப் பழைய மாடல் ஏன் அப்படி ஆனது என்று பார்ப்போம். வாஷ் கெட்ட பொருள் இல்லை. எல்லாக் கோட்டுக்கும் ஒரே கறுப்பு, ஒரே அளவு என்று போனதுதான் வினை. நிஜ விமானத்தில் ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம் உண்டு: யாரோ மிதித்திருப்பார்கள், ஏதோ கசிந்திருக்கும், காற்று எங்கோ இழுத்துப் போயிருக்கும். தூரிகையை எடுக்கும் முன் "இந்த இடத்தில் இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அதனால் முதல் வேலை புகைப்படம். நீங்கள் கட்டும் அதே விமானத்தின் படம் கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிட்டால் அதே ரகம், அதே காலம், அதே போர்முனை. பிரிட்டனில் புல்தரை ஓடுதளத்தில் இருந்த ஸ்பிட்ஃபயரும் வட ஆப்பிரிக்க மணலில் இருந்த ஸ்பிட்ஃபயரும் ஒரே மாதிரி அழுக்காகாது. இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் பல விமானங்கள் சில வாரங்களோ சில மாதங்களோதான் தாக்குப்பிடித்தன. மூன்று வார வயதுள்ள விமானத்தை மூன்று வருட வெயிலில் காய்ந்தது போலக் காட்டக் கூடாது. அதோடு, தரைப் பணியாளர்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. வேகம் ஒரு மைல் கூடினாலும் லாபம் என்று இறக்கையைத் துடைத்து மெருகேற்றியவர்களும் உண்டு. மாடல் கட்டுபவர்கள் மறந்துபோகிற விஷயம் இது. அழுக்கு இருக்கும் இடத்தில் அதிகமாக இருக்கும், மற்ற இடமெல்லாம் ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கும்.

சரி, வண்ணத்துக்கு வருவோம். 1941 ஆகஸ்டிலிருந்து வந்த பகல்நேரப் போர்விமான வண்ணமுறைதான் எம்கே 9-க்கு: மேலே அடர்பச்சையும் ஓஷன் கிரேயும், கீழே மீடியம் சீ கிரே. புட்டியில் இருக்கும் நிறத்தை அப்படியே அடித்தால் சிறிய மாடலில் அது கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடையில் இருக்கும் காற்று நிறத்தைச் சற்றே வெளுத்துக் காட்டுகிறது. அதைச் சமாளிக்க அடிப்படை நிறத்தில் கொஞ்சம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்து, தின்னரை நன்றாகச் சேர்த்து, ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பலகைகளின் (உடல் தகடுகளின்) நடுப்பகுதியில் ஒழுங்கில்லாமல் கிறுக்குவது போல அடியுங்கள். ஒழுங்கில்லாமல் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டு விழுந்தால் பழைய கட்டம்போட்ட சட்டை திரும்பி வந்துவிடும். கடைசியில் அசல் நிறத்தையே மிக நீர்க்கக் கரைத்து எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு கொடுத்தால் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து அடங்கிவிடும்.

முதலிலேயே பேனல் லைன் நெடுக கறுப்பு அடித்து அதன் மேல் வண்ணம் அடிக்கும் ப்ரீ-ஷேடிங் முறை பிரபலமானது. எனக்கு அதில் ஈடுபாடு குறைவு. நிஜத்தில் எந்த விமானமும் தன் பலகை இணைப்புகளை மட்டும் தேடிப்பிடித்துக் கறுப்பதில்லை. மாடல் முழுக்கக் கறுப்படித்து, அதன் மேல் வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாக ஏற்றும் பிளாக் பேசிங் முறையில் கிடைக்கும் சீரற்ற தன்மை இதைவிட நம்பும்படி இருக்கும், ஆனால் பொறுமை வேண்டும். நீங்கள் ஏற்கனவே வண்ணம் அடித்துவிட்டதால் அந்தப் பேச்சு அடுத்த மாடலுக்கு.

அடுத்தது கிளாஸ் கோட். டீகேலுக்கு அடியில் வழவழப்பான பரப்பு ஏன் வேண்டும் என்றால், மேட் பரப்பு நுண்ணிய மேடு பள்ளமாக இருக்கும். டீகேலின் படலம் மேடுகளின் மேல் நிற்கும், பள்ளங்களில் காற்று சிக்கும். அந்தக் காற்று வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளிப் பூச்சு போல மின்னும். இதைத்தான் சில்வரிங் என்கிறார்கள். டமியா எக்ஸ்-22 போன்ற ஏதாவது ஒரு அக்ரிலிக் கிளாஸைத் தின்னரோடு நீர்க்கக் கலந்து, ஒரே தடவையில் கொட்டாமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். ஒரு முழு நாளாவது காயட்டும். டீகேல் ஒட்டும்போது மைக்ரோ செட்டும் மைக்ரோ சாலும் வைத்திருங்கள். முன்னது ஒட்டுவதற்கு, பின்னது படலத்தை இளக்கிக் கோட்டுக்குள் படிய வைப்பதற்கு. சால் தடவியதும் டீகேல் சுருங்கிச் சுருங்கி எழும், பார்க்கவே பதைக்கும். தொடாதீர்கள். காய்ந்ததும் தானே படிந்துவிடும். ஒட்டிய பிறகும் எங்காவது வெள்ளி மின்னினால் கூரான ஊசியால் அங்கே நாலைந்து குத்து குத்தி, மறுபடி ஒரு சொட்டு சால் வையுங்கள். பிறகு ஈரத்துணியால் காய்ந்த பசைக்கறையைத் துடைத்துவிட்டு இரண்டாவது கிளாஸ் கோட். இது வாஷிலிருந்து டீகேலைக் காப்பாற்றும்.

இங்கே ஒரு வேதியியல் விதியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: மேலே வருவது கீழே இருப்பதைக் கரைக்கக் கூடாது. அக்ரிலிக் அல்லது லாக்கர் கிளாஸ் காய்ந்த பிறகு எனாமல் வாஷோ ஆயில் பெயின்ட் வாஷோ பூசி ஒயிட் ஸ்பிரிட்டில் (எனாமல், ஆயில் பெயின்ட்டுக்கான தின்னர்) துடைக்கலாம், அடியில் ஒன்றும் ஆகாது. அடியில் எனாமல் கிளாஸ் அடித்துவிட்டு மேலே எனாமல் வாஷ் பூசினால் இரண்டும் சேர்ந்து கரையும். எக்ஸ்-22 ஆல்கஹாலில் கரையும் என்பதால் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வண்ணம் படாத வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடங்களில் எனாமல் வாஷைத் தேங்க விடாதீர்கள். திருகிப் பொருத்திய, இழுவிசையில் இருக்கும் பாகமாக இருந்தால் தின்னர் உள்ளே ஊறி பிளாஸ்டிக் படக்கென்று விரிசல் விடும். லேண்டிங் கியர் கால்கள் இப்படித்தான் அடிக்கடி போகின்றன.

இப்போது வாஷ். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டில் (மாடல் பாகங்களில்) செதுக்கியிருக்கும் பேனல் லைனின் அகலம் 0.2 மிமீ என்று வைத்துக்கொண்டால், 1/48-ல் அது நிஜத்தில் 9.6 மிமீ, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. நிஜ ஸ்பிட்ஃபயரில் நிலையாக ரிவெட் அடித்த தகடுகளுக்கு இடையே அப்படி ஓர் இடைவெளி கிடையாது. அதாவது கோடு ஏற்கனவே மிகைதான். அதில் கறுப்பை நிரப்பினால் மிகைக்கு மேல் மிகை. அதனால் கோடுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எயிலரான், ஃபிளாப், எலிவேட்டர், ரடர் போன்ற அசையும் பாகங்களின் விளிம்பில் நிஜமாகவே இடைவெளி உண்டு, அங்கே அடர்பழுப்பு கலந்த கருஞ்சாம்பல். அடிக்கடி திறந்து மூடும் எஞ்சின் மூடி, துப்பாக்கி அறை மூடிகளின் விளிம்பில் அழுக்கு சேரும், அங்கே அதைவிட ஒரு படி வெளிர். மற்ற நிலையான இணைப்புகளுக்கு அடிப்படை நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த நிழல் போதும். விமானத்தின் அடிப்புறம் வெளிர் சாம்பல் என்பதால் அங்கே நடுத்தரச் சாம்பல் வாஷ். சுத்தக் கறுப்பை எங்கும் தொடவே வேண்டாம். ஸ்பிட்ஃபயருக்கே உரிய விஷயம் ஒன்றும் உண்டு. இறக்கையின் முன்பகுதியில் காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காக இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் ஃபில்லர் வைத்து அடைத்துத் தேய்த்திருப்பார்கள். கிட்டில் கோடு இருந்தாலும் அங்கே வாஷ் விடாமல் இருப்பதே பொருத்தம்.

வாஷ் கலவை, தட்டைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும், ஓடிய தடத்தில் லேசான நிறம் மட்டும் தங்க வேண்டும். நுனி கூரான தூரிகையில் எடுத்து கோட்டில் தொட்டால் போதும், தந்துகி விசை அதைக் கோடு நெடுக இழுத்துக்கொண்டு போகும். அரைமணி நேரம் விட்டு, ஒயிட் ஸ்பிரிட் தொட்டு நன்றாகப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். துடைப்பது எப்போதும் மூக்கிலிருந்து வால் நோக்கி, காற்று போகும் திசையில். மிச்சம் மீதி இருந்தாலும் அது காற்று இழுத்த கறையாகத் தோன்றும். குறுக்கே துடைத்தால் குறுக்குக் கோடு நிற்கும், யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். உங்கள் பழைய மாடலில் பூசியது எனாமல் வாஷ், அடியில் அக்ரிலிக் கிளாஸ் என்றால் ஒயிட் ஸ்பிரிட்டில் இன்னும் ஓரளவு கழற்றிவிடலாம். மேலே மேட் அடித்து மூடியிருந்தால் வராது. அப்படியானால் அதை வைத்துக் கறையும் சிராய்ப்பும் போட்டுப் பழகுங்கள். நல்ல மாடலில் கை வைக்கும் முன் எதையும் சோதிக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

வாஷ் காய்ந்ததும் மேட் கோட். இதுவும் தோற்றத்தை மாற்றும் என்பதை எதிர்பார்த்து வேலை செய்யுங்கள். கிளாஸ் பரப்பில் தூக்கலாகத் தெரிந்த வாஷ், மேட் அடித்ததும் ஒரு படி அடங்கும், ஒட்டுமொத்த நிறமும் லேசாக வெளுக்கும். முழு மேட் வேண்டாம் என்பேன். சாக்பீஸ் தூள் மாதிரி செத்த மேட் 1/48-ல் கண்ணுக்கு உறுத்தும். மேட்டில் கொஞ்சம் கிளாஸ் கலந்து, முட்டை ஓடு அளவுக்கு மங்கிய மினுமினுப்பாக விட்டால் நன்றாக இருக்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் மேட் அடித்தால் வெள்ளைப் பனி படிந்தது போல ஆகிவிடும். அடிக்கும் முன் வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டுப் பாருங்கள்.

சிராய்ப்பு என்னும் சிப்பிங்கில்தான் பெரும்பாலான மாடல்கள் கெட்டுப்போகின்றன, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். மறுபடி அதே கணக்கு: மாடலில் 1 மிமீ வெள்ளிப் புள்ளி என்றால் நிஜத்தில் கிட்டத்தட்ட 5 செமீ அளவுக்கு வண்ணம் உரிந்த வழுக்கை. அப்படி இருபது முப்பது வைத்தால் அந்த விமானத்தைத் தரைப் பணியாளர் எவரும் பறக்கவிட்டிருக்க மாட்டார். ஆகவே மிகச் சிறிய புள்ளிகள், அதுவும் காரணம் உள்ள இடங்களில். ஸ்பிட்ஃபயரில் விமானியின் கதவு இடப்பக்கம். ஏறுவதும் இறங்குவதும் இடது இறக்கையின் அடிப்பகுதி வழியாகத்தான். அங்கே பூட்ஸ் தேய்த்து வண்ணம் மெலிந்திருக்கும். வலப்பக்கத்திலும் பணியாளர்கள் ஏறுவார்கள், ஆனால் தேய்மானம் குறைவு. எஞ்சின் மூடியைப் பூட்டும் திருகுகளைச் சுற்றி, துப்பாக்கி அறை மூடிகளின் விளிம்பில், எரிபொருள் நிரப்பும் மூடியைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கள் இருக்கும். இவ்வளவுதான். இரண்டு இறக்கைகளிலும் ஒரே மாதிரி புள்ளி வைத்துச் சமச்சீராக்கிவிடாதீர்கள்.

வைக்கும் விதம்: முதலில் அடிப்படை நிறத்தையே கொஞ்சம் வெளுக்கச் செய்து, கிழித்தெடுத்த ஸ்பாஞ்சுத் துண்டின் ஓரத்தால் தொட்டு, காகிதத்தில் ஒற்றி நிறத்தைப் பெரும்பாலும் போக்கிவிட்டு, இடத்தில் மெல்லத் தட்டுங்கள். இது வண்ணத்தின் மேல்தோல் மட்டும் போன இடம். பிறகு அவற்றுள் சிலவற்றின் நடுவில் மட்டும் மெல்லிய தூரிகையாலோ கூராகச் சீவிய வெள்ளிப் பென்சிலாலோ ஒரு புள்ளி. பளபளக்கும் வெள்ளி வேண்டாம், சாம்பல் கலந்த மங்கிய அலுமினியம் போதும், வெளியில் கிடந்த அலுமினியம் கண்ணாடி மாதிரி மின்னாது. இரண்டு அடுக்கு இருப்பதால் ஆழம் கிடைக்கும். வெள்ளியை மட்டும் வைத்தால் ஒட்டவைத்த மினுக்குத்தூள் போலத்தான் தெரியும்.

அதைவிட முக்கியமானது, உரிந்தால் அடியில் என்ன இருக்கும் என்பது. ஸ்பிட்ஃபயரின் ரடர் துணி போர்த்தியது. அங்கே அலுமினியம் தெரிய வாய்ப்பே இல்லை. ரோட்டால் நிறுவனத்தின் புரொப்பெல்லர் அலகுகள் அழுத்திய மரத்தால் ஆனவை. கல் பட்டுச் சிதைந்தாலும் உள்ளே தெரிவது மரம்தான். மாடல்களில் மரப் புரொப்பெல்லரின் நுனியில் வெள்ளி தீட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். ஹரிக்கேனின் பின்னுடல் துணி, மஸ்கீட்டோ பெரும்பாலும் மரம். நவீன ஜெட் விமானங்களின் மூக்குக் கூம்புக்குள் ரேடார் இருப்பதால் அது உலோகமாக இருக்க முடியாது. எஃப்/ஏ-18-ன் இறக்கைத் தோலில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை. அமெரிக்க விமானங்கள் பலவற்றில் உரிந்த இடத்தில் அலுமினியத்துக்கு முன் மஞ்சள்பச்சை ஜிங்க் குரோமேட் பிரைமர் எட்டிப்பார்க்கும். மறுபுறம், போரின் பிற்பகுதியில் ஜப்பானிய ராணுவத்தின் போர்விமானங்களில் பிரைமரே இல்லாமல் வெறும் அலுமினியத்தின் மேல் பச்சை அடித்த வழக்கம் இருந்தது. அவற்றில் வண்ணம் பெரிய பெரிய செதிலாக உரிந்திருப்பதைப் படங்களில் காணலாம். அப்படி ஒன்றைக் கட்டும்போது ஹேர்ஸ்பிரே முறைதான் சரி: அலுமினிய நிறம், அதன் மேல் காப்புப் பூச்சு, அதன் மேல் ஹேர்ஸ்பிரே, அது காய்ந்ததும் அக்ரிலிக் பச்சை. பச்சை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தவுடன், முழுதாக இறுகும் முன், தண்ணீர் தொட்ட தூரிகையால் தேய்த்தால் தண்ணீர் உள்ளே போய் ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கும், பச்சை தானாகவே கிழிந்து வரும். கையால் வரைந்து அந்தக் கிழிசலின் விளிம்பைக் கொண்டுவர முடியாது. ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு இது தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி எக்ஸாஸ்ட் புகை. எம்கே 9-ன் மெர்லின் எஞ்சினுக்குப் பக்கத்துக்கு ஆறு புகைபோக்கிகள். கறுப்பாக ஒரு வால் அடித்தால் முடிந்தது என்று நினைப்பார்கள். அப்போதைய 100 ஆக்டேன் எரிபொருளில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் இருந்தது. நிதானமான வேகத்தில் எரிபொருளைக் குறைத்துப் பறக்கும்போது சூடான புகை, ஈயப் படிவை வெளிர் சாம்பலாகவும் மங்கிய பழுப்பாகவும் விட்டுப்போகும். எரிபொருள் தாராளமாகப் போகும்போது கரி கறுப்பாகப் படியும். ஆக ஒரே கறையில் இரண்டு நிறமும் இருக்கும். ஏர்பிரஷ்ஷில் கறுப்பும் சிவப்புப்பழுப்பும் கலந்து, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தின்னர் ஊற்றி, அகலமான மெல்லிய வாலாக முதல் அடுக்கு. அதற்குள் கொஞ்சம் குறுகலாக இரண்டாம் அடுக்கு. ஒரு தடவை போனால் எதுவுமே தெரியாத அளவுக்கு நீர்க்க இருக்க வேண்டும், நாலைந்து தடவை போன பிறகுதான் நிறம் எழ வேண்டும். பிறகு கறையின் நடுவில், புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால் இருந்து, வெளிர் சாம்பலில் கொஞ்சம் மஞ்சள்பழுப்பு கலந்து மெல்லிய கோடு. இந்த மூன்றாவது அடுக்கு விழுந்தவுடன் கறை சட்டென்று உயிர்பெறும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஒற்றை எஞ்சின் விமானத்தில் புரொப்பெல்லர் காற்றைச் சுழற்றித்தான் பின்னால் தள்ளுகிறது. அதனால் இடப்பக்கக் கறையும் வலப்பக்கக் கறையும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் போகாது. படத்தில் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு அடியுங்கள். ஏர்பிரஷ் இல்லையென்றால் பிக்மென்ட் என்னும் உலர்ந்த நிறத் தூளை உலர்ந்த மென்மையான தூரிகையில் எடுத்துத் தேய்த்தும் இதைக் கொண்டுவரலாம்.

துப்பாக்கிக் கரியிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் இயந்திரத் துப்பாக்கித் துளைகளை மண்ணும் ஈரமும் புகாமல் இருக்கச் சிவப்புத் துணி ஒட்டி மூடிவைப்பார்கள். சுட்டால் அது கிழியும், கரி இறக்கையின் அடியில் துளைகளிலிருந்தும் காலித் தோட்டா விழும் துவாரங்களிலிருந்தும் பின்னோக்கி இழுபடும். டீகேல் தாளில் உள்ள சிவப்புப் பட்டையை முழுசாக ஒட்டிவிட்டு, அடியில் புத்தம்புதுக் கரியைத் தீட்டாதீர்கள். ஒட்டு முழுசாக இருந்தால் கரி துடைத்ததுபோல் மங்கலாக இருக்கட்டும். கிழிந்ததாகக் காட்டினால் கரியும் புதிதாக இருக்கட்டும்.

எண்ணெய், எரிபொருள் கறைகளுக்கு ஆயில் பெயின்ட்தான் எளிது. டியூபிலிருந்து எடுத்ததை ஒரு அட்டைத் துண்டில் சிறிது நேரம் வைத்தால் அதிலுள்ள ஆளிவிதை எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பெயின்ட் மேட்டாகவும் சீக்கிரமாகவும் காயும். ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுங்கள். எந்தத் திசை என்பதற்குத்தான் யோசிக்க வேண்டும். பறக்கும்போது கசிந்தது வாலை நோக்கி நேராகப் போகும். நிறுத்தி வைத்திருக்கும்போது கசிந்தது உடல் வளைவில் கீழ்நோக்கி வழியும். எஞ்சினுக்கு அடியிலிருந்து வயிறு நெடுக ஓடும் எண்ணெய்க் கோடுகள் முதல் வகை. விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் மூடியிலிருந்து பக்கவாட்டில் வழிந்த தடம் இரண்டாம் வகை. பெட்ரோல் கறைக்கு நிறம் அதிகம் தேவையில்லை, மேட் பரப்பின் மேல் கொஞ்சம் மினுமினுப்பாக ஒரு தடம் விட்டால் ஈரமாகவே தெரியும். இதே ஆயில் பெயின்ட்டில் வெள்ளை, மஞ்சள்பழுப்பு, நீலம் என மிகச் சிறிய புள்ளிகளை மேல்பரப்பில் தூவி, ஏறக்குறைய முழுதாகத் துடைத்தெடுக்கும் அளவுக்கு இழுத்தால் பச்சையும் சாம்பலும் வெயில்பட்டு மாறிய மாதிரி நுட்பமான வேறுபாடு வரும்.

மண்ணும் தூசியும் சக்கரத்தைச் சார்ந்தவை. டயர் கறுப்பாக இருக்காது, அடர்சாம்பல்தான். தரையில் படும் பகுதியில் வெளிர் மண்நிறம். சக்கரம் வாரி இறைத்த சேறு ஃபிளாப்பின் அடியிலும் ரேடியேட்டர் முகப்பிலும் தெறித்திருக்கும். பிக்மென்ட் தூளை வைத்து ஒரு சொட்டு ஒயிட் ஸ்பிரிட் விட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பிக்மென்ட்டின் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துபோகும், ஆகவே அது கடைசி வேலை.

இதே கேள்வியை வேறு விமானத்துக்குக் கேட்டால் பதில் முழுக்க மாறும். பி-51 மஸ்டாங்கைப் பலரும் முழுக்க வெற்று அலுமினியமாக அடிக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் இறக்கையின் இணைப்புகளைப் புட்டி வைத்து அடைத்து, மேலே அலுமினிய நிற வண்ணம் அடித்திருப்பார்கள். உடல் வெற்று உலோகம், இறக்கை பெயின்ட். இரண்டுக்கும் ஒரே பளபளப்பு இருக்கக் கூடாது. 1991 வளைகுடாப் போரில் போன பிரிட்டிஷ் டொர்னேடோ விமானங்களின் இளஞ்சிவப்பு, கழுவி எடுக்கக்கூடிய தற்காலிக வண்ணம். அது தேய்ந்த இடத்தில் அடியிலிருந்த பச்சையும் சாம்பலும் தெரிந்தது, அலுமினியம் இல்லை. தரையிறங்கியதும் எஞ்சின் புகையை முன்னோக்கித் திருப்பும் த்ரஸ்ட் ரிவர்ஸர் இருந்ததால் வால் துடுப்பின் அடிப்பகுதி கரியேறிக் கிடக்கும். விமானந்தாங்கிக் கப்பலில் உப்புக் காற்றில் நிற்கும் ஜெட்டுகளில் துரு பிடிக்காமல் இருக்க அங்கங்கே தூரிகையால் ஒட்டுப்போட்ட மாதிரி வேறு சாம்பல் தீற்றியிருப்பார்கள், அங்கே அழுக்கைவிட ஒட்டுகள்தான் கதை. பயணிகள் விமானம் என்றால் வெளிர் சாம்பல் வாஷோடு கையைக் கட்டிக்கொள்வது நல்லது.

எப்போது நிறுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் மாடலை மேசையின் மறுமுனையில் வைத்து, இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் கண்ணில் படுவது விமானமா, கறையா? கறை என்றால் ஏற்கனவே ஒரு படி தாண்டியாயிற்று. ஆயில் பெயின்ட்டாக இருந்தால் ஈரம் காயும் முன் துடைத்துக் குறைக்கலாம், அதனாலும் அது எனக்குப் பிடிக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். இரவு விளக்கில் போதாதது போல் தெரிவது காலை வெளிச்சத்தில் போதும் என்று தெரியும்.

கடைசிச் சில்லறை வேலைகள். கூண்டின் மாஸ்க்கை உரிக்கும் முன் அதன் விளிம்பில் புது பிளேடால் லேசாகக் கீறிவிடுங்கள், இல்லையென்றால் வண்ணமும் சேர்ந்து பிய்ந்து வரும். கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி கண்ணாடியைப் பால்போல் மங்கவைத்துவிடும். வெள்ளைப் பசை போதும். இறக்கை நுனி விளக்குகளில் இடது சிவப்பு, வலது பச்சை. இது விமானியின் இடது வலது, மாடலை எதிரே நின்று பார்க்கும் உங்கள் இடது வலது இல்லை. காக்பிட்டுக்குப் பின்னால் ஆன்டெனா கம்பம் இருக்கிறதே என்று அதிலிருந்து வாலுக்கு நூல் இழுத்துவிடாதீர்கள். எம்கே 9 வருவதற்கு முன்பே விஎச்எஃப் ரேடியோ வந்து அந்தக் கம்பியை ஒழித்துவிட்டது, கம்பம் மட்டும்தான் ஆன்டெனா. இடது இறக்கைக்கு அடியில் வரும் பிட்டோ குழாயை எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் பஞ்சுக்குச்சியால் துடைக்கும்போது அதுதான் முதலில் முறியும்.